காலையில் வெயில், மதியம் ஆலங்கட்டி: ஸ்கவுட் முகாமுக்கு எதைக் கொடுத்தனுப்புவது?

கேள்வி: டல்லாஸில் வசிக்கிறோம். 12 வயது மகன் ஜூலை நடுவில் தன் ஸ்கவுட் குழுவோடு கொலராடோவின் ராக்கி மலையில் ஒரு வாரக் கோடை முகாமுக்குப் போகிறான். முகாம் சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு ஆப் நல்ல வெயில் என்கிறது, இன்னொன்று தினமும் இடிமழை என்கிறது. எதை நம்பி மூட்டை கட்டுவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். ஜூலையில் அங்கே ஒரே நாளில் இரண்டும் நடக்கும். மெக்சிகோ பக்கமிருந்து ஈரக்காற்று வரும் பருவம் அது. காலை வெயிலில் மலைச்சரிவு சூடேற, அந்தக் காற்று மேலே எழும்பி மதியத்துக்குள் மேகமாகத் திரண்டுவிடும். இரண்டு மணிக்கு இடியும் ஆலங்கட்டியும், ஐந்து மணிக்கு மறுபடி வெயில். ஆப் பெரும்பாலும் பக்கத்து ஊரின் நிலவரத்தைத்தான் காட்டும். அமெரிக்க வானிலைச் சேவையின் இணையதளத்தில் முகாம் இருக்கும் இடத்தையே வரைபடத்தில் தொட்டுப் பாருங்கள், அந்த உயரத்துக்கான கணிப்பு வரும்.

நான் அதிகம் கவலைப்படுவது மழையைப் பற்றி இல்லை, மழைக்குப் பிறகு வரும் இரவைப் பற்றி. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஜூலை இரவில்கூட புழுங்கும் டல்லாஸில் வளர்ந்த பிள்ளைக்கு, கோடையில் விடியற்காலை குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும் என்று சொன்னால் புரியாது. ஈர டிஷர்ட்டோடு படுத்தால் அந்தக் குளிரே உடம்பை ஆபத்தான அளவுக்குத் தணித்துவிடும். நடுக்கம், நாக்குக் குழறல், பட்டன் போட விரல் வராமல் தடுமாறுவது: இதில் எது தெரிந்தாலும், தனக்கோ நண்பனுக்கோ, உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

அதனால் மூட்டையில் முதலில் போக வேண்டியது இரவு உடுப்பு. முழுக்கை பனியன், நீளக் கால்சட்டை, கம்பளிக் காலுறை, காதை மூடும் குல்லா. இவற்றை ஒரு ஜிப்லாக் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்துவிடுங்கள். என்ன நனைந்தாலும் இந்தப் பையைப் பகலில் திறக்கக் கூடாது. ஸ்லீப்பிங் பேக்கில், எவ்வளவு குளிர் தாங்கும் என்ற இடத்தில் 20 டிகிரி ஃபாரன்ஹீட் (மைனஸ் 7 செல்சியஸ்) என்று போட்டிருந்தால் நல்லது. அதையும் தடித்த குப்பைப் பையில் சுற்றுங்கள்.

பகலுக்கு ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. சீக்கிரம் காயும் பாலியெஸ்டர் உடுப்பு, ஒரு ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கை இழை ஸ்வெட்டர்), தொப்பி வைத்த ரெயின்கோட், இரண்டு ஜோடி காலணி போதும். ரெயின்கோட்டை வாங்கியதும் அவனைப் போட்டுக்கொண்டு ஷவருக்கு அடியில் பத்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். தோளிலும் ஜிப் ஓரத்திலும் ஈரம் இறங்கினால் வீட்டிலேயே தெரிந்துவிடும், மாற்றிக்கொள்ளலாம். அப்புறம், மூட்டையை அவனே கட்டட்டும். அம்மா அழகாக அடுக்கிய பையில் எது எங்கே என்று தெரியாமல், இருட்டில் எல்லாவற்றையும் ஈரத் தரையில் கொட்டித் தேடும் பிள்ளைகளை முகாம்களில் நிறையப் பார்க்கிறேன்.

முகாமே கொடுக்கும் கூடாரம் பெரும்பாலும் கேன்வாஸாக இருக்கும். மழை பெய்யும்போது அதன் உள்பக்கத்தை விரலால் தொட்டாலோ பையைச் சாய்த்தாலோ அந்த இடத்தில் ஒழுக ஆரம்பித்துவிடும். சாமான்களைத் துணியில் படாமல் கட்டிலின் நடுப்பக்கமாக வைக்கச் சொல்லுங்கள்.

மின்னலுக்குக் கூடாரம் பாதுகாப்பே இல்லை. இடிச்சத்தம் காதில் விழுந்தால் ஏரியை விட்டு வெளியே வந்து, கட்டடத்துக்குள்ளோ உலோகக் கூரையும் மூடிய கதவும் உள்ள வண்டிக்குள்ளோ போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. முகாம் பொறுப்பாளர்களுக்கு இது தெரியும். ஆனால் அவனுக்கும் தெரிந்திருந்தால், ‘சும்மா தூரத்து இடிதானே’ என்று நண்பன் சொல்லும்போது நகர்ந்து வருவான்.

வெயிலையும் விட்டுவிடாதீர்கள். அந்த உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமை, குளிர்காற்று அடிப்பதால் தோல் எரிவது தெரியாது. சன்ஸ்கிரீன், அகன்ற தொப்பி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு. முதல் இரண்டு நாள் தலைவலி வந்தால் உயரமும் காரணமாக இருக்கலாம். தண்ணீர் குடித்துவிட்டு ஓய்வெடுக்க வேண்டும், தலைவர்களிடம் மறைக்கக் கூடாது.

மழை நாளில்தான் வீட்டு நினைப்பு வாட்டும். ஒரு சீட்டுக்கட்டும், நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களும் பையில் இருக்கட்டும்.

இன்னொன்று, இதை இந்த வாரமே செய்யுங்கள். 72 மணி நேரத்துக்கு மேற்பட்ட முகாமுக்கு ஸ்கவுட் மருத்துவப் படிவத்தின் சி பகுதியில் மருத்துவர் கையெழுத்து வேண்டும். கோடையில் குழந்தை மருத்துவரிடம் நேரம் கிடைப்பது கஷ்டம். ஆஸ்துமா இருந்தால் படிவத்தில் தெளிவாக எழுதி, இன்ஹேலர் எப்போதும் அவன் கையிலேயே இருக்கட்டும் என்று குழுத் தலைவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.