கழுத்தில் பழைய அடி: ஸ்கேனில் என்ன தெரியும்?

கேள்வி: எனக்கு 44 வயது. மூன்று வருடம் முன்பு பைக்கிலிருந்து விழுந்தேன். அன்று எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். இப்போது எம்ஆர்ஐயில் சி5-சி6 டிஸ்க் தேய்ந்து பிதுங்கியிருக்கிறதாம். விபத்தால் வந்ததுதானே டாக்டர்?

இந்த ஒரு படத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. சி5-சி6 டிஸ்க் என்றால் கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருப்பது. அதுவும் அதற்கு அடுத்த சி6-சி7-உம் கழுத்தில் அதிகம் உழைக்கிற இடங்கள். அடியே படாதவர்களுக்கும் தேய்மானம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். 1998-இல் ஜப்பானில் கழுத்துத் தொந்தரவே இல்லாத 497 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். இருபதுகளில் இருந்த ஆண்களிலேயே 17 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 60 வயதைத் தாண்டிய ஆண்களில் அது 86 சதவீதம்.

மற்ற டிஸ்க்குகள் நன்றாக இருக்க ஒன்று மட்டும் வயதுக்கு மீறித் தேய்ந்திருந்தால், அல்லது அதை ஒட்டிய முள்ளெலும்பு முன்பக்கம் ஆப்பு போலக் குறுகியிருந்தால், எனக்குப் பழைய அடியின் மேல் சந்தேகம் வரும். அதை உறுதியாக்க விபத்தன்று எடுத்த எக்ஸ்ரே வேண்டும். தேய்ந்த இடத்தில் எலும்பின் விளிம்பில் முளை வளரும், அதற்கு மாதங்கள், வருடங்கள் ஆகும். அன்றைய ஃபிலிமிலேயே முளை இருந்தால் தேய்மானம் விபத்துக்கு முந்தியது. அன்று டிஸ்க் இடைவெளி சரியாக இருந்து, இன்று அந்த ஓர் இடத்தில் மட்டும் குறைந்திருந்தால் விபத்துக்குப் பங்கு இருக்கலாம். தயவுசெய்து பழைய ஃபிலிமைத் தேடி எடுங்கள்.

கேள்வி: "கழுத்தின் இயல்பான வளைவு நேராகிவிட்டது" என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம். தசை இறுகினாலும், எக்ஸ்ரேக்கு நிற்கும்போது தாடையைச் சற்று இறக்கினாலும் வளைவு நேராகத் தெரியும். இதை மட்டும் வைத்து அடிபட்ட கழுத்து என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: சி7 எலும்பின் பின்முனையில் சின்னத் துண்டு ஒன்று தனியாகத் தெரிகிறதாம். புது முறிவா?

விளிம்பைப் பார்க்க வேண்டும். புது முறிவின் விளிம்பு கூராக, ஒழுங்கில்லாமல் இருக்கும். எம்ஆர்ஐயில் சுற்றிலும் நீர் கோத்த வீக்கம் தெரியும். பழைய துண்டு வழவழப்பாக, சுற்றி வெள்ளைக் கோடு போட்டதுபோல இருக்கும். வளரும் வயதில் ஒட்டாமலே நின்றுவிட்ட துண்டும் இப்படித்தான் தெரியும். அந்த இடத்தை அழுத்தி வலி இருக்கிறதா என்றும் மருத்துவர் பார்க்கட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு ஆறு வருடம் முன்பு கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டது. ஓரளவு தேறி நடந்தார். இப்போது டீ டம்ளரின் சூடு வலது கைக்குத் தெரியவில்லை என்கிறார்.

இதற்கு உடனே மருத்துவரைப் பாருங்கள். தண்டுவடத்தில் அடிபட்ட சிலருக்கு, மாதங்களோ பல வருடங்களோ கழித்து, அதற்குள் நீர்க்குழி உருவாகி மேலும் கீழும் நீளும். சூடும் வலியும் உறைக்காமல் போவது அதன் முக்கிய அறிகுறி. அப்புறம் கை பலமும் குறையலாம். எக்ஸ்ரேயில் இது தெரியாது, எம்ஆர்ஐதான் வேண்டும். பழைய எம்ஆர்ஐ இருந்தால் கொண்டுபோங்கள். குழி புதிதா, எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது ஒப்பிட்டால்தான் தெரியும். கழுத்தில் பிளேட், ஸ்க்ரூ வைத்திருந்தால் ஸ்கேன் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதுவரை சூடான எதையும் அந்தக் கையில் கொடுக்காதீர்கள். குளிக்கிற வெந்நீரை நீங்கள் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.