பலகையில் 120, திரையில் 48

கேள்வி: சார்ஜரில் 120 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. என் மின்சார கார் 100 வரை ஏற்கும். பேட்டரி 30 சதவீதத்தில் இருக்கும்போது செருகியும் 48-ஐத் தாண்டவில்லை. சார்ஜர் பழுதா?

பதில்: திரையில் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கிறது.

120 கிலோவாட் பெட்டி என்பது பெரும்பாலும் 30 கிலோவாட் மாட்யூல்கள் (மின்சாரத்தை மாற்றித் தரும் தனித்தனி அலகுகள்) நான்கு. பக்கத்து கன்னில் (காரில் செருகும் கைப்பிடி) இன்னொரு வண்டி நின்றால் ஆளுக்கு இரண்டு, அதாவது 60. மாட்யூல் ஒன்று செத்தாலும் சார்ஜர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், பங்குதான் குறையும். நிலையங்கள் பெருகுகிற வேகத்தில் பலகையில் பெரிய எண்ணை மட்டும் எழுதி, இந்தப் பங்கீட்டை எழுதாமல் விடுகிறார்கள். எழுதத்தான் வேண்டும்.

அடுத்தது கேபிள். 200 ஆம்பியர் கேபிளில் 350 வோல்ட் பேட்டரிக்கு 70 கிலோவாட்டுக்கு மேல் போகாது. ஆம்பியர் 200-லேயே அசையாமல் நின்றால் காரணம் கேபிள். கிலோவாட் 60-ஐ ஒட்டியே நின்றால் பங்கீடு.

உங்கள் பேட்டரியும் 350 வோல்ட் என்று வைத்துக்கொண்டு 48 கிலோவாட்டை அதால் வகுத்தால் சுமார் 137 ஆம்பியர். இரண்டு வரம்பிலும் சேரவில்லை. அப்படியானால் பெரும்பாலும் வண்டியே குறைவாகத்தான் கேட்கிறது. குளிர்ந்த செல்லில் வேகமாக ஏற்றினால் லித்தியம் ஆனோடின் (செல்லின் எதிர்முனை) மேல் உலோகமாகப் படியும். அதைத் தவிர்க்கவே கார் கையைச் சுருக்கிக்கொள்கிறது. பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாக இருந்தாலும் இதே கதைதான். முன்கூட்டியே சூடேற்றும் வசதி இருந்தால், காரின் சொந்த வழிகாட்டியில் அந்த நிலையத்தையே சேருமிடமாகக் கொடுத்துக் கிளம்புங்கள். போன் வரைபடத்தில் கொடுத்தால் பெரும்பாலும் காருக்குத் தெரியாது.

கேள்வி: செருகியதும் ‘தயாராகிறது’ என்று காட்டி, அரை நிமிடத்தில் பிழை வருகிறதே?

பதில்: மின்சாரம் பாய்வதற்கு முன் காரும் சார்ஜரும் பேசிக்கொள்ள வேண்டும், பிறகு கேபிளின் இன்சுலேஷன் சோதனை, அதாவது மின்கசிவு இருக்கிறதா என்ற சோதனை. கனத்த கேபிள் கன்னைக் கீழே இழுத்தால் பேச்சு கம்பியின் சின்ன பின் சரியாக உட்காராது. கன்னை லேசாகத் தூக்கி, உள்ளே அழுத்திப் பிடியுங்கள். காருக்குள் ‘டக்’கென்று காண்டாக்டர் (பேட்டரியை இணைக்கும் பெரிய சுவிட்ச்) மூடும் சத்தம் கேட்டபின் விடலாம். இன்சுலேஷன் பிழை என்றே காட்டினால் அங்கே திரும்பத் திரும்ப முயல வேண்டாம். வேறு சார்ஜரிலும் அதுவே வந்தால் வண்டி சர்வீஸுக்குப் போக வேண்டும்.

கேள்வி: முடிந்தபின் கன் கழன்று வரவில்லை.

பதில்: பூட்டு பெரும்பாலும் காரில்தான் இருக்கிறது. முதலில் சார்ஜை நிறுத்துங்கள். கன்னைச் சற்று உள்ளே தள்ளியபடி சாவியில் அன்லாக் அழுத்தி இழுங்கள். அப்படியும் வராவிட்டால் அவசர விடுவிப்புக் கயிறு எங்கே இருக்கிறது என்று கையேட்டில் பாருங்கள். பல கார்களில் டிக்கியின் பக்கச்சுவருக்குள் இருக்கும்.