மழைக்கு முன்னே பூனையைக் கூடைக்குப் பழக்குங்கள்

வாயில்லா ஜீவன்: கால்நடை டாக்டரம்மா பதில்கள்

கேள்வி: 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தபோது, கரண்ட் இல்லாமல் வீட்டிலேயே மாட்டிக்கொண்டோம். ஒரு நாட்டு நாய், இரண்டு பூனைகள் வளர்க்கிறோம். அடுத்த மழைக்கு முன் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?
வாசகி, நாகலூர்

பதில்: வாங்குவது அப்புறம். முதலில் பூனைகளை, தூக்கிப்போகிற கதவு வைத்த கூடைக்குப் பழக்குங்கள் அம்மா. இடி இடித்தால் பூனை கட்டிலுக்கு அடியில் கை எட்டாத மூலைக்குப் போய்விடும். அந்த நேரத்தில் புதுக் கூடையை நீட்டினால், உங்கள் கையைக் கீறிவிட்டுப் பரணில் ஏறிக்கொள்ளும்.

இன்றைக்கே கூடையின் கதவைத் திறந்து, அது வழக்கமாகப் படுக்கும் இடத்தில் வையுங்கள். உள்ளே நீங்கள் கட்டிக் கழற்றிய பழைய புடவை ஒன்று; துவைக்க வேண்டாம், உங்கள் வாசனை இருக்கட்டும். மீன் பிசைந்த சாதத்தை முதல் சில நாட்கள் கூடை வாசலில் வையுங்கள், பிறகு உள்ளே தள்ளி வையுங்கள். தானாகப் போய்ப் படுக்க ஆரம்பித்ததும் கதவைச் சாத்தி, திண்ணை வரை தூக்கிப் போய் வாருங்கள். இரண்டு பூனைக்கும் ஒரே கூடை போதுமே என்று நினைக்காதீர்கள். பயந்த பூனைகள், கூடப் பிறந்ததாக இருந்தாலும், ஒன்றையொன்று குதறிவிடும்.

தீவனம் ஒரு வாரத்துக்கு இருக்க வேண்டும். நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் சமாளித்துக்கொள்ளும். பூனை, அதுவும் கொழுத்த பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். தண்ணீர், நாயின் எடையில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி; 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 1 லிட்டருக்கு மேலேயே வேண்டும்.

முக்கியமாக ஒன்று. காய்ச்சலாகத் தெரிகிறதே என்று நாம் போடும் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாதி மாத்திரையே கொன்றுவிடும். பாதை அடைபட்டால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962-ல் அழைத்தும் வண்டி மேலே ஏறாது. போனிலாவது யோசனை கேட்க, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் எண்ணைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தடுப்பூசி அட்டையைத் தண்ணீர் புகாத கவரில் போட்டு வையுங்கள்.

கீழே இறங்கச் சொல்லிவிட்டால், இருபது கொண்டை ஊசி வளைவும் இருக்கிறது. வயிறு நிறைய ஊட்டிவிட்டுக் காரில் ஏற்றாதீர்கள். அப்புறம் சீட்டைக் கழுவ வேண்டியதுதான்.

கேள்வி: கிச்சிப்பாளையத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறினால் அழகாபுரம் அக்கா வீட்டுக்குப் போவோம். மாமாவுக்கு நாய் ஆகாது. இரண்டு நாள் மொட்டை மாடியில் கட்டிப்போட்டுவிட்டுப் போகலாமா?
வாசகர், சேலம்

பதில்: கட்டாதீர்கள் தம்பி. தண்ணீர் எவ்வளவு ஏறும், எப்போது வடியும் என்று யாருக்கும் தெரியாது. சங்கிலி மாட்டிய நாய்க்குத் தப்பவும் வழியில்லை. மாமாவிடம் இப்போதே, வெயில் காலத்திலேயே பேசுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், போர்ட்டிகோவில் போதும் என்றால் பெரும்பாலான மாமாக்கள் இறங்கி வருவார்கள். இல்லையென்றால் மேட்டுப் பகுதியில் நாய் வளர்க்கும் சிநேகிதர் ஒருவரைக் கேட்டு வையுங்கள்.

ஊசி அட்டையில் 'லெப்டோ' அல்லது 'எல்' என்று இருக்கிறதா பாருங்கள். எலி மூத்திரம் கலந்த வெள்ளத் தண்ணீரில் வரும் எலிக்காய்ச்சலுக்கான ஊசி அது. முதல் முறை போட்டால் சில வாரம் கழித்து இரண்டாவது போட வேண்டும், பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. ஆகவே ஐப்பசி வரை தள்ளிப்போடாதீர்கள். தண்ணீரில் நடந்த நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்து, கண் மஞ்சளித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். அந்த நோய் உங்களுக்கும் ஒட்டும். அதன் மூத்திரத்தை வெறுங்கையால் துடைக்காதீர்கள்.

கேள்வி: லவ் பேர்ட்ஸை எப்படிக் கொண்டுபோவது?
வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: பெரிய கூண்டோடு வேண்டாம். சின்னக் கூண்டில் மாற்றி, ஊஞ்சலைக் கழற்றிவிட்டு, காற்று போகிற பருத்தித் துணியால் மூடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் வழியில் கொட்டிவிடும். அதற்குப் பதில் வெள்ளரித் துண்டு வையுங்கள்.