ரூட் என்ற பெயரில் நாலு பேர்

கேள்வி: அவிநாசி பக்கம் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கோடு சேர்த்துக் கம்ப்யூட்டர் பொறுப்பையும் பார்க்கிறேன். எங்கள் இஆர்பி (கணக்கு, ஸ்டோர் எல்லாவற்றையும் நடத்தும் சாஃப்ட்வேர்) லினக்ஸ் சர்வரில், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஓடுகிறது. வெளிநாட்டு பையர் அனுப்பிய ஆடிட்டர், "டேட்டாபேஸுக்குள் நேரடியாகப் போய் யார், எப்போது, என்ன கட்டளை கொடுத்தார்கள் என்று ஆறு மாதப் பதிவு வேண்டும்" என்கிறார். சாஃப்ட்வேர்க்காரரோ ஹிஸ்டரி ஃபைலைக் காட்டினால் போதும் என்கிறார். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் மூன்றரை லட்சத்துக்கு, பதிவுகளைச் சேர்த்து ரிப்போர்ட் தரும் ஒரு பெட்டி வாங்கச் சொல்கிறார். எதைக் கேட்பது?
— ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: இரண்டு பேரையும் கேட்க வேண்டாம்.

ஹிஸ்டரி ஃபைல் என்பது நேற்று அடித்த கட்டளையை இன்று மேல் அம்புக்குறி தட்டி எடுத்துக்கொள்வதற்காக உண்டானது. வசதிக்கு வைத்தது, சாட்சிக்கு வைத்ததல்ல. கட்டளை அடித்தவரின் சொந்த ஃபோல்டரில்தான் அது கிடக்கும். அவரே திறந்து நாலு வரியை அழிக்கலாம், எழுதவே விடாமலும் செய்யலாம். அதில் கட்டளை இருக்கும், நேரம் இருக்காது. பாஸ்வேர்டு சம்பந்தப்பட்ட வரிகளை அது வேண்டுமென்றே விட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கறுப்புத் திரையில் உட்கார்ந்து தட்டியது மட்டும்தான் அதில் சேரும். உங்கள் சாஃப்ட்வேர்க்காரர் தன் லேப்டாப்பில் ஒர்க்பெஞ்ச், ஹெய்டிஎஸ்கியூஎல் மாதிரி டேட்டாபேஸைத் திறக்கும் சாஃப்ட்வேர் ஒன்றைத் திறந்து உள்ளே வந்தால் உங்கள் சர்வரின் ஹிஸ்டரியில் ஒரு எழுத்துகூட இருக்காது.

ஈரோட்டுக்கு மஞ்சள் ஏற்றிப் போகிற லாரிக்கு எடைச்சீட்டு எழுதுவது எடைமேடைக்காரர். டிரைவர் தன் பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை நீட்டி "இதுதானுங்க எடை" என்றால் மண்டியில் யாராவது ஒத்துக்கொள்வார்களா? பதிவும் அப்படித்தான். கட்டளை எந்த வழியாக வந்தாலும் கடைசியில் டேட்டாபேஸ் சர்வரில் ஏறித்தான் ஆக வேண்டும். அதை அந்த சர்வரே எழுத வேண்டும். எழுதியது உடனுக்குடன் வேறொரு கம்ப்யூட்டருக்குப் போய்விட வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரின் சாவி டேட்டாபேஸைத் தொடுகிறவர்கள் கையில் இருக்கக் கூடாது. உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு சங்கடமான வேலை இருக்கிறது. உங்கள் டேட்டாபேஸுக்குள் எல்லோரும் எந்தப் பெயரில் போகிறீர்கள்? நான் பார்த்த பனியன் கம்பெனிகளிலும் சாயப்பட்டறைகளிலும் பதில் ஒன்றுதான்: ரூட், அதாவது எதையும் செய்ய உரிமையுள்ள தலைமைப் பெயர். கணக்குப் பிரிவில் ஒருவர், ஸ்டோரில் ஒருவர், சாஃப்ட்வேர்க்காரர், போன வருஷம் வேலையை விட்டுப் போனவர், நாலு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. பல இடங்களில் அது கம்பெனி பெயரும் ஆரம்பித்த வருஷமும்தான். ஒரு சாயப்பட்டறையில் நூல் இருப்பு குறைந்த விஷயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பதிவு நன்றாகவே இருந்தது. இருப்பை மாற்றிய கட்டளை நிமிடம் நொடியோடு கிடைத்தது. செய்தவர் பெயர் ரூட். இடம், அதே சர்வர். அன்றைக்கு எனிடெஸ்கில் (தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் சாஃப்ட்வேர்) இரண்டு பேர் இணைந்திருந்தார்கள். அத்தோடு விசாரணை முடிந்தது.

ஆகவே ஆளுக்கொரு பெயர். சாஃப்ட்வேர்க்காரரின் கம்பெனிக்கு ஒன்று என்று கொடுக்காதீர்கள், அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒன்று. ரூட் பாஸ்வேர்டை மாற்றி, உறையில் போட்டு ஒட்டி, முதலாளியின் பீரோவில் வைத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், இதைவிடச் சிக்கனமான பாதுகாப்பு இன்னும் வரவில்லை.

இனி எழுதும் கருவி. மைஎஸ்கியூஎல்லின் இலவசப் பதிப்பில் ஆடிட் வசதி கிடையாது, அது காசு கொடுத்து வாங்கும் எண்டர்பிரைஸில்தான் வருகிறது. இலவசப் பதிப்பில் ஜெனரல் லாக் உண்டு. அது வந்ததையெல்லாம் எழுதித் தள்ளும், டிஸ்க் நிரம்பும், ஷிப்மெண்ட் நாளில் இஆர்பி தவழும். மைஎஸ்கியூஎல்லின் இன்னொரு வடிவமான பெர்கோனா சர்வருக்கு மாறினால் இலவச ஆடிட் ப்ளகின் (கூடுதலாக ஏற்றும் இணைப்பு) கிடைக்கும். அதற்கும் முன்னால் உங்களிடம் இருப்பது மைஎஸ்கியூஎல்தானா என்று பாருங்கள். பல லினக்ஸ்களில் மைஎஸ்கியூஎல் கேட்டால் அதிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபிதான் ஏறும், போட்டவருக்கே அது தெரிந்திருக்காது. மரியாடிபி என்றால் உங்களுக்கு யோகம். சர்வர் ஆடிட் என்ற ப்ளகின் கூடவே வருகிறது, காசு இல்லை.

ஆனால் அதில் மூன்று குழிகள். ஏற்றிவிட்டால் மட்டும் அது எழுதாது, எழுதச் சொல்லித் தனியாக ஆன் செய்ய வேண்டும். ப்ளகின் ஏறியிருப்பதைப் போட்டோ பிடித்து ஆடிட்டருக்கு அனுப்பிவிட்டு, ஒரு வருஷம் ஒரு வரிகூட எழுதாமல் இருந்த சர்வரை நான் பார்த்திருக்கிறேன். ஆடிட்டரும் டிக் போட்டுவிட்டுப் போயிருந்தார்! அடுத்தது, ஃபைல் 10 லட்சம் பைட் ஆனதும் புதிதாக ஒன்று தொடங்கும், பழையதில் ஒன்பதை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். அப்படியே விட்டால் உங்கள் ஆறு மாதம் ஒரே வாரத்தில் காணாமல் போகும். மூன்றாவது, ஒரு கட்டளையில் முதல் 1024 பைட்தான் பதிவாகும். நீளமான கட்டளைக்கு அந்த வரம்பைக் கூட்டி வையுங்கள்.

இஆர்பி தன் பெயரில் நாள் முழுக்க அனுப்பும் கட்டளைகளை எழுத வேண்டியதில்லை, அந்தப் பெயரை விலக்கிவிடலாம். பில் போட்டது யார் என்பதை இஆர்பியின் சொந்த எடிட் லாக் (யார் எதை மாற்றினார் என்று சாஃப்ட்வேரே எழுதும் பதிவு) சொல்லட்டும். ஆனால் இந்த விலக்கே திருட்டு வாசல் ஆகிவிடும். இஆர்பியின் பாஸ்வேர்டு தெரிந்தவர் அதே பெயரில் ஒர்க்பெஞ்சில் வந்தால், வந்தது மட்டும் பதிவாகும், கொடுத்த கட்டளை எதுவும் பதிவாகாது. அதனால் அந்தப் பெயர் இஆர்பி ஓடும் கம்ப்யூட்டரின் ஐபியிலிருந்து மட்டும் நுழையும்படி கட்டிப்போடுங்கள்.

எழுதியதை லினக்ஸில் லாக் அனுப்பும் ஆர்சிஸ்லாக் வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பலாம். பழைய டெஸ்க்டாப் ஒன்றும் பெரிய டிஸ்க்கும் போதும். அதைத் திறக்கும் உரிமை கணக்குத் தலைவருக்கு மட்டும். கட்டளைகளுக்குள் சம்பளமும் ஆதார் எண்ணும் கிடக்கும் என்பதால் வேறு யாருக்கும் வேண்டாம்.

ஆறு மாதம் என்பது ஆடிட்டர் தானாகச் சொன்னதல்ல. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவில் 180 நாள் லாக் வைக்கச் சொல்கிறது. சர்வர் கடிகாரம் என்ஐசி அல்லது என்பிஎல் என்ற அரசு நிறுவனங்களின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும், சைபர் தாக்குதல் மாதிரி சம்பவம் நடந்தது தெரியவந்தால் 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் "நாங்க பார்ட்னர்ஷிப்தானுங்களே" என்பார்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கணக்கு சாஃப்ட்வேரில் அணைக்க முடியாத எடிட் லாக் வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் வந்த விதி கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருவது. பிரைவேட் லிமிடெட்டுக்கு உண்டு, பார்ட்னர்ஷிப்புக்கு இல்லை. அதுவரை சரி. ஆனால் செர்ட்-இன் உத்தரவு பேசுவது பாடி கார்ப்பரேட்டைப் பற்றி. தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டத்தின் 43ஏ பிரிவு அந்தச் சொல்லுக்குள் பார்ட்னர்ஷிப்பையும் தனி முதலாளியையும் சேர்த்தே விளக்குகிறது. ஒரு விதியில் கிடைத்த விலக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த விதிக்குப் போகாதீர்கள். இன்னொன்று, நம் பக்கம் அண்ணன் பெயரில் ஒரு பிரைவேட் லிமிடெட் இருக்கும். தம்பி பெயரில் நிட்டிங், மச்சான் பெயரில் பிரிண்டிங் என்று இரண்டு பார்ட்னர்ஷிப் இருக்கும். மூன்றும் ஒரே சர்வரில். அப்போது அந்த சர்வர் பிரைவேட் லிமிடெட்டின் சர்வர்தான். எடிட் லாக்கைத் தாண்டி டேட்டாபேஸில் நேரடியாகக் கை வைத்தார்களா என்று அந்தக் கம்பெனியின் ஆடிட்டர் கேட்பார். கேட்க வேண்டும்.

மூன்றரை லட்சம் பெட்டிக்கு வருவோம். வந்தவர் "செர்ட்-இன் அப்ரூவ்டு" என்று சொல்லியிருப்பார். செர்ட்-இன் பட்டியலில் சேர்ப்பது ஆடிட் செய்யும் நிறுவனங்களை, பெட்டியை அல்ல. எந்தக் கடிதம் என்று கேளுங்கள், அடுத்த வாரம் வருகிறேன் என்று போய்விடுவார். பெட்டியே கூடாது என்பதில்லை, இருபது சர்வர் இருந்தால் வேண்டியிருக்கும். ஒரே ஒரு சர்வருக்கும், அதுவும் நாலு பேர் ரூட்டில் புழங்கும் சர்வருக்கும் அதை வாங்கினால், ரூட் என்று அழகான கலரில் அச்சடித்துத் தரும்.

பையரின் கேள்வித்தாளைப் பார்த்து மலைக்க வேண்டாம். வங்கிக்கு எழுதியதை அப்படியே பனியன் கம்பெனிக்கும் அனுப்புகிறார்கள். ஒரு வருஷ லாக் வேண்டும், அதில் மூன்று மாதம் கைக்கெட்டும்படி இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தால் அது பிசிஐ விதி, கிரெடிட் கார்டு தகவல்களைக் கையாளுகிறவர்களுக்கானது. கார்டே வாங்காத இடத்தில் எதற்கு என்று எழுதிக் கேட்டேன். எனக்கு இன்றுவரை பதில் வரவில்லை. நீங்கள் "பொருந்தாது, கார்டு பரிவர்த்தனை இல்லை" என்று எழுதிவிடுங்கள்.

கடந்த ஆறு மாதத்துக்கு இனி எதுவும் செய்ய முடியாது. பழைய ஹிஸ்டரி ஃபைலைப் பதிவு என்று நீட்டாதீர்கள், பின்தேதி போட்டு எதையும் தயாரிக்காதீர்கள். எந்தத் தேதியிலிருந்து எழுதுகிறோம் என்று ஆடிட்டருக்கு எழுத்தில் கொடுங்கள். தனிப் பெயர் வாங்கிக்கொள்ளச் சாஃப்ட்வேர்க்காரர் முகம் சுளித்தால், ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கும் மாதம் வரை காத்திருந்து செக்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்.