சிறுநீர்க்குழாயில் கல்லா, கட்டியா? யூரேட்டரோஸ்கோப்பி பற்றிய கேள்விகளுக்குப் பதில்

அப்பாவுக்கு யூரேட்டரில் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயில்) 8 மி.மீ. கல். கிழிக்காமலே எடுக்கலாம் என்கிறார்கள். எப்படி டாக்டர்?

கத்தி படாது. சிறுநீர் வெளியே வரும் வழியிலேயே யூரேட்டரோஸ்கோப் என்ற, கேமரா வைத்த மெல்லிய கருவி உள்ளே போகும். தடிமன் சுமார் 3 மி.மீ. சிறுநீர்ப்பைக்குள் நுழைந்து, யூரேட்டர் திறக்கும் சின்ன வாயில் முதலில் ஒரு மெல்லிய கம்பியை ஏற்றுவோம். அதன் வழியைப் பிடித்துக்கொண்டு கருவி மேலே போகும். திரையில் இளஞ்சிவப்புச் சுவர் தெரியும், நடுவில் பழுப்பாகக் கல் சிக்கி நிற்கும். ஹோல்மியம் லேசர் பட்டதும் அது பொடியாகி உப்புத் தண்ணீரோடு கிளம்பும். பெரிய துண்டென்றால் குட்டிக் கம்பிக்கூடையில் பிடித்து இழுத்துவிடுவோம். மயக்கம் கொடுத்துச் செய்வதால் அப்பாவுக்கு அந்த நேரத்தில் வலி தெரியாது.

எனக்கு 4 மி.மீ. கல்தான். வாழைத்தண்டுச் சாறு குடித்துக் காத்திருக்கலாமா?

காத்திருக்கலாம். 5 மி.மீ.க்குக் கீழே உள்ள கற்களில் சுமார் மூன்றில் இரண்டு தானாகவே இறங்கிவிடும். சாறு குடியுங்கள், ஆனால் அதையே நம்பி மறு ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்: குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. அப்போது நாங்களும் கல்லைத் தொட மாட்டோம். யூரேட்டருக்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்தோ, முதுகு வழியாகக் குழாய் போட்டோ தேங்கியதை வடியவிட்டு, கிருமி அடங்கிய பிறகே கல்லுக்கு வருவோம்.

கல் எடுத்தாயிற்று. ஸ்டென்ட் இருக்கிறது. சிறுநீர் போகும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே இழுக்கிறதே?

பயப்பட வேண்டாம். போகும்போது சிறுநீர் கொஞ்சம் ஸ்டென்ட் வழியாக மேலே ஏறும், அந்த இழுப்புதான். எரிச்சலும், லேசான ரத்தமும் இருக்கலாம். டாம்சுலோசின் மாதிரி மாத்திரை உதவும், டாக்டரிடம் கேளுங்கள்.

அதைவிட முக்கியம், எடுக்க வேண்டிய தேதி. வலி குறைந்ததும் ஸ்டென்டையே மறந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்புப் படிகிற மாதிரி அதன் மேல் படிந்து இறுகிவிடும். இரண்டு நிமிடத்தில் உருவ வேண்டியதற்கு இரண்டு மூன்று அறுவை சிகிச்சை தேவைப்படும். இப்போதே போனில் அலாரம் வையுங்கள்.

மாமாவுக்கு வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம். சி.டி.யில் கல் இல்லை, குழாயில் ஏதோ தடிப்பு. இதற்கும் இதே கருவியா?

ஆமாம், இங்கே இதன் அருமையே தனி. ஸ்கேனில் நிழலாகத் தெரிவதை நேரில் பார்த்து, சின்ன இடுக்கியால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். புற்றுநோயாக இருந்தாலும், வேகம் குறைந்த சின்னக் கட்டியென்றால் லேசரிலேயே பொசுக்கி, சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியும். ஆனால் அது திரும்ப வரலாம், அடிக்கடி உள்ளே பார்த்தே ஆக வேண்டும். வேகமான வகையென்றால் பெரும்பாலும் சிறுநீரகத்தோடு குழாயையும் எடுக்க நேரிடும்.

மாமா புகைப்பவரா? அதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். ரத்தம் தானாக நின்றுவிட்டது என்று பரிசோதனையை விட்டுவிடவும் வேண்டாம், இந்தக் கட்டிகளில் ரத்தம் வந்து வந்து நிற்கும்.