ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு லட்சமா? - வாசகர் கேள்விகளுக்கு வக்கீல் பதில்கள்

கேள்வி: பாக்கெட்டில் ஒரே ஒரு பிஸ்கட் குறைந்ததற்காக ஒருவருக்கு லட்ச ரூபாய் கிடைத்ததாம். எங்கள் தெருவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். கதையா, நிஜமா? நான் வாங்கும் சிப்ஸ் பாக்கெட்டில் பாதி காற்றுதான் இருக்கிறது. நானும் வழக்குப் போடலாமா?
- வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: நிஜம்தான். நடந்தது திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். 2021 டிசம்பரில் மணலியைச் சேர்ந்த ஒருவர் தெருநாய்களுக்குப் போடுவதற்காக சன்ஃபீஸ்ட் மேரி லைட் வாங்கினார். உறையில் 16 பிஸ்கட் என்று அச்சடித்திருந்தது, உள்ளே 15. கேட்டுப் பார்த்தார், உருப்படியான பதில் வரவில்லை, வழக்குப் போட்டுவிட்டார்.

அந்த பிஸ்கட்டைத் தயாரிக்கும் ஐடிசி நிறுவனம் சொன்ன வாதம்தான் ருசிகரம். நாங்கள் பிஸ்கட்டை எண்ணி விற்பதில்லை, எடைக்குத்தான் விற்கிறோம் என்றார்கள். உறையில் போட்டிருந்த எடை 76 கிராம். நிறுத்துப் பார்த்தால் 74! அப்புறம், 4.5 கிராம் வரை முன்னே பின்னே இருக்க விதியே இடம் தருகிறது என்றார்கள். அது நாள்பட எடை குறையும் சரக்குக்கு, பிஸ்கட்டுக்கு இல்லை என்று ஆணையம் தள்ளிவிட்டது. 2023 ஆகஸ்டில் தீர்ப்பு: இழப்பீடு ஒரு லட்சம், வழக்குச் செலவுக்கு 10,000. மனுதாரர் கேட்டதென்னவோ கோடிக்கணக்கில். அதை யாரும் சொல்வதில்லை.

உங்கள் சிப்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். எடை சரியாக இருந்தால் காற்றுக்கு வழக்கு நிற்காது. நொறுங்காமலும் நமுத்துப்போகாமலும் இருக்கத்தான் நைட்ரஜன் அடைக்கிறார்கள். எடை குறைகிறது என்று சந்தேகம் வந்தால் ஒரே பேட்ச் நம்பரில் இரண்டு, மூன்று பாக்கெட் வாங்குங்கள். ஒன்றை மட்டும் பிரித்து, தராசில் வைத்து, வீடியோ எடுங்கள். மற்றதைத் தொடாதீர்கள். பிரித்த பாக்கெட்டோடு வந்தால், "நீங்களே தின்றுவிட்டு வந்திருப்பீர்கள்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். நான் அந்தப் பக்கம் நின்றால் நானும் அதைத்தான் கேட்பேன். பில்லை உடனே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். இப்போதைய கடை பில் எல்லாம் சில மாதத்தில் வெளுத்து வெள்ளைத்தாளாகிவிடும். வழக்கு வேண்டாம் என்றால் எடை, அளவுகளைச் சோதிக்கும் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுத்தாலும் போதும்.

கேள்வி: டிரைலரில் வந்த பாட்டுக்காகவே குடும்பத்தோடு படத்துக்குப் போனோம். படத்தில் அந்தப் பாட்டே இல்லை! இது ஏமாற்று விளம்பரம்தானே?
- வாசகி, தென்காசி

பதில்: உங்களுக்கு முன்பே மகாராஷ்டிராவில் ஒரு ஆசிரியை இதே குறையோடு வழக்குப் போட்டார். 2016-ல் வந்த 'ஃபேன்' படம், 'ஜப்ரா ஃபேன்' பாட்டு. பாட்டு வராத ஏமாற்றத்தில் பிள்ளைகள் ராத்திரி சாப்பிடவில்லை, அமிலம் கூடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று என்றும் மனுவில் எழுதியிருந்தார். மாவட்டத்தில் தோற்றார், மாநில ஆணையத்தில் ஜெயித்தார், 10,000 ரூபாயும் செலவுக்கு 5,000-மும் கிடைத்தது. தேசிய ஆணையமும் அதையே உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டது. டிரைலர் என்பது ஆளைக் கூப்பிடுவதற்கு. அதில் காட்டியதெல்லாம் படத்தில் வரும் என்று யாரும் ஒப்பந்தம் போடவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பில் எனக்குக் குறை இல்லை. 16 என்று அச்சடித்தால் எண்ணிப் பார்க்கலாம், டிரைலரை எதைக் கொண்டு அளப்பது?

கேள்வி: இந்தத் தைலம் தேய்த்தால் முடி வளரும் என்று ஒரு நடிகர் சொன்னதை நம்பி வாங்கினேன். இருந்ததும் கொட்டுகிறது. கம்பெனியை விடுங்கள், அந்த நடிகரை இழுக்க முடியுமா?
- வாசகர், கரூர்

பதில்: முடியும். திருச்சூரில் ஒருவர் இழுத்தார். 2012-ல் 376 ரூபாய்க்கு வாங்கிய ஹேர் கிரீம், ஆறு வாரத்தில் வளரும் என்று விளம்பரம். நடித்தவரிடம் சாட்சியம் வாங்கியபோது, அதை நான் தேய்த்ததே இல்லை, அம்மா காய்ச்சித் தரும் எண்ணெய்தான் என்று சொல்லிவிட்டார்! கம்பெனி 10,000, நடிகரும் 10,000 கட்ட வேண்டும் என்று தீட்டிவிட்டது ஆணையம்.

இப்போது சட்டம் இன்னும் கறார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளம்பரத்தில் நடிப்பவருக்கும் 10 லட்சம் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஒரு வருடம் வரை எந்த விளம்பரத்திலும் தோன்றக் கூடாது என்றும் தடுக்கலாம். விசாரித்துப் பார்த்துத்தான் நடித்தேன் என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். 2024 மே மாதம் பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பர வழக்கிலும் பிரபலங்களுக்குச் சம பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அபராதம் அரசுக்குப் போகும். உங்கள் காசு வேண்டுமென்றால் மாவட்ட ஆணையத்துக்குத் தனி மனு போட வேண்டும்.

கேள்வி: பொடி எழுத்தில் 'நிபந்தனைக்கு உட்பட்டது' என்று போட்டுவிட்டால் கம்பெனி தப்பித்துவிடுமா?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: தப்பாது. பெரிய எழுத்தில் சொன்னதைச் சின்ன எழுத்தில் மாற்றிப் பேசக் கூடாது என்று ஏமாற்று விளம்பரங்களைத் தடுக்க வந்த 2022 வழிகாட்டு விதிகளே சொல்கின்றன. விளம்பரம் தமிழில் என்றால் நிபந்தனையும் தமிழில் இருக்க வேண்டும். 5 நிமிடத்தில் ஆட்டோ, இல்லையென்றால் 50 ரூபாய் என்று விளம்பரம் செய்த வாடகை வண்டிச் செயலி ராபிடோவுக்கு 2025 ஆகஸ்டில் 10 லட்சம் அபராதம். 50 ரூபாய் என்பது நிஜக் காசில்லை, செயலிக்குள் மட்டும் செல்லும் '50 வரை' நாணயமாம், ஏழு நாளில் காலாவதியாம், அதுவும் பைக் சவாரிக்கு மட்டுமாம்.

கேள்வி: மனு போட எவ்வளவு செலவாகும்? வக்கீல் வேண்டுமா?
- வாசகர், மணப்பாறை

பதில்: பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி மும்பையில் இருந்தாலும் சரி. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிடுங்கள். வக்கீல் கட்டாயமில்லை, என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டுப் பாருங்கள், பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.