வாசகர் கேள்வி: ஆயிரம் கிலோவாட் எங்கே போகிறது?

கேள்வி: எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஆற்றோரமாக 1,000 கிலோவாட் சிறு நீர்மின் நிலையம் ஒன்று உள்ளது. மாசி, பங்குனி மாதங்களில் அது பெரும்பாலும் ஓடுவதில்லை. நல்ல மழை நாளிலும், மின்சாரம் தடைப்பட்டு எங்கள் லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருளும்போது அதுவும் நின்றுவிடுகிறது. இதற்குக் காரணம் என்ன?
- வாசகர், மஸ்கெலியா

பதில்: 1,000 கிலோவாட் என்பது அந்நிலையத்தின் உச்ச வலு. நீர் 100 மீற்றர் உயரத்திலிருந்து இறங்குவதாகக் கொண்டால், இழப்புகள் போக அவ்வலுவைப் பெற வினாடிக்கு ஏறத்தாழ 1.3 கன மீற்றர் நீர் வேண்டும். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களைப் போல நீரைத் தேக்கிவைக்க இங்கு இடமில்லை. ஆற்றில் அன்றன்று வருவதே கணக்கு. கோடையில் வரத்து ஐந்திலொன்றாகக் குறைந்தால், பிரான்சிஸ் வகைச் சுழலி (நீரின் விசையால் சுழன்று மின்னாக்கியை ஓட்டும் பொறி) அதில் சீராக ஓடாதென்பதால் நிறுத்திவிடுவார்கள். மழை தொடங்கியதும் வேறு தொல்லை வரும்: கவ்வாத்து மலையிலிருந்து (தேயிலைச் செடிகளை வெட்டிவிட்ட சரிவிலிருந்து) அடித்து வரப்படும் மிலாறும் (வெட்டிய குச்சிகளும்) இலையும் வாய்க்கால் முகப்பின் கம்பிச் சல்லடையை அடைத்துக்கொள்ளும், உடனுக்குடன் வாரி எடுக்காவிட்டால் நீர் குறைந்து உற்பத்தியும் விழும்.

ஆகவே ஒரு நிலையத்தை அது ஆண்டு முழுவதும் தந்த அலகுகளைக் கொண்டே மதிப்பிட வேண்டும். இடைவிடாது முழு வலுவில் ஓடினால் 87.6 இலட்சம் அலகுகள் கிடைக்கும்; அதில் ஐந்தில் இரண்டு பங்கான 35 இலட்சம் கிடைத்தாலே நல்ல விளைச்சல் என்பேன்.

மின்தடையின்போது நிலையம் நிற்பதற்குக் காரணம் பாதுகாப்பு. இத்தகைய நிலையங்கள் தேசிய மின்வலையமைப்புடன் இணைந்து, அதற்கே மின்சாரத்தை விற்கின்றன. வலையமைப்பின் கம்பிவழியில் மின் அற்றுப்போனதும் பாதுகாப்புக் கருவி நிலையத்தைத் துண்டித்துவிடும்; இல்லாவிட்டால், மின் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிருக்கே ஆபத்து. தேசிய மின்சாரம் எட்டுவதற்கு முன்பே மலையகத்தின் பல தேயிலைத் தொழிற்சாலைகள் சொந்த நீர்மின்சாரத்தில் இயங்கின என்பதை நினைத்தால் உங்கள் ஆதங்கம் எனக்கும் புரிகிறது. தனித்து இயங்குவதற்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும், லயங்களை மட்டும் பிரித்து இணைக்கும் ஏற்பாடும், மின் அதிகாரிகளின் இணக்கமும் தேவை. புதிய நிலையம் ஒன்றுக்கு அனுமதி கோரப்படும் கட்டத்திலேயே தோட்ட மக்கள் இதனை எழுத்தில் கேட்க வேண்டும். அணைக்கும் மின் நிலையத்துக்கும் இடைப்பட்ட ஆற்றுப் பகுதியில் கோடையிலும் எவ்வளவு நீர் விடப்படும் என்பதையும் அப்போதே கேளுங்கள். குளிக்கவும் துவைக்கவும் அந்த நீரையே நம்பியிருப்பவர்களுக்கு அது 35 இலட்சம் அலகுகளைவிடப் பெரிய விடயம்.